11,400 பாட்டும் பிக்கார்டும்: கல்லடி ஒலிபெருக்கிக்காரன் ஒருவனின் அனுபவம்

மட்டக்களப்புக் கல்லடியில் ஒலிபெருக்கிச் சேவை நடத்துகிறேன். 1978 சூறாவளிக்கு அடுத்த வருசம் அப்பா தொடங்கிய தொழில். கோயில் சடங்கு, கல்யாண வீடு, பூப்புனித நீராட்டு, பள்ளிக்கூட இல்ல விளையாட்டுப் போட்டி, செத்த வீடு என்று அக்கரைப்பற்று, திருக்கோவில் வரைக்கும் போய்க் கட்டுவோம். எங்களிடம் அம்பிளிபையரும் ஒலிபெருக்கிக் குழாயும் எவ்வளவு இருக்கிறது என்பது முக்கியம்தான். ஆனால் கேட்ட பாட்டை உடனே போடுகிறவனைத்தான் அடுத்த வருசமும் கூப்பிடுவார்கள். அதற்கு எனக்கு உதவிய பிக்கார்ட் என்ற பாட்டு அடுக்கும் மென்பொருளின் கதை இது.

போன வருசம் வைகாசியில் அதில்தான் எனக்குக் குறை வந்தது. தம்பிலுவில் பக்கம் ஒரு கண்ணகை அம்மன் சடங்கு. பூசை முடிந்து சனம் எழும்புகிற நேரம். வண்ணக்கர் (கோயில் நிர்வாகி) பக்கத்தில் வந்து, "மகன், எல்.ஆர். ஈஸ்வரிட அம்மன் பாட்டு ஒண்டு போடுங்க, சனம் கலையப் போகுது" என்றார். பாட்டு என்னிடம் இருக்கிறது, நூற்றுக்கு மேலேயே இருக்கிறது. மடிக்கணினியில் ஈஸ்வரி என்று தேடினேன், வரவில்லை. ஆங்கிலத்தில் தேடினேன், ஏழு சினிமாப் பாட்டு வந்தது. 'ட்ராக் 07' என்ற பெயரில் மட்டும் என் டிஸ்கில் 60 கோப்பு இருந்ததை அன்றைக்குத்தான் கண்டேன். ஐந்து நிமிடத்துக்கு மேல் குழாயில் இரைச்சல் மட்டும். வண்ணக்கர் ஒன்றும் சொல்லவில்லை, திரும்பிப் போய்விட்டார். அது எனக்கு இன்னும் மனதில் நிற்கிறது.

வீட்டுக்கு வந்து எண்ணிப் பார்த்தேன். 11,400 பாட்டு. 'புதிய ஃபோல்டர்', 'புதிய ஃபோல்டர் 2', 'அம்மன் பாட்டு கடைசி', 'அம்மன் பாட்டு கடைசி சரியானது', 'தம்பி பென்' என்று 90 ஃபோல்டருக்குள் சிதறிக் கிடந்தது. சிடியிலிருந்து எடுத்தது, யாரோ பென் டிரைவில் தந்தது, கசற்றிலிருந்து நானே மாற்றியது எல்லாம் ஒன்றாகக் கலந்திருந்தது. பெயர்கள் அதைவிட மோசம். நாகூர் ஹனீபாவின் பெயரை ஆறு விதமாக எழுதியிருந்தார்கள். காத்தான்குடிப் பக்கம் கந்தூரிக்குப் போனால் முதலில் கேட்பது அவர் பாட்டைத்தான், அதில் பாதி தேடலில் அகப்படாது. எங்கள் பொப் பாட்டு ஏ.ஈ. மனோகரன் சில கோப்பில் அந்தப் பெயரிலும், இந்தியாவிலிருந்து வந்த கோப்பில் சிலோன் மனோகர் என்றும் இருந்தார். ஒரே ஆளின் பாட்டு மூன்று ஃபோல்டரில்.

இதற்கு முதலில் காசு கொடுத்து ஒரு மென்பொருள் வாங்கினேன். பெயர் வேண்டாம். ஒரு பொத்தானை அமத்தினால் எல்லாம் தானாக அடுக்கும் என்றார்கள். அடுக்கியது உண்மை, பாடகர் பெயரில் அடுக்கியது. ஒரு படத்தில் ஆறு பாட்டை ஐந்து பேர் பாடியிருந்தால் அந்தப் படம் ஐந்து ஃபோல்டரில் போய்க் கிடந்தது. நம்மவர்கள் பாட்டைப் படத்தின் பெயரால் கேட்பார்கள், இல்லாவிட்டால் இசையமைப்பாளர் பெயரால் கேட்பார்கள். அந்த மென்பொருளைச் செய்தவர்களுக்கு அது தெரிந்திருக்கவில்லை.

அப்புறம் என் மருமகள், கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்கிற பிள்ளை, "மாமா, பிக்கார்ட் போட்டுப் பாருங்க, காசில்ல" என்று இறக்கித் தந்தாள். முழுப் பெயர் மியூசிக்பிரெயின்ஸ் பிக்கார்ட். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். மூலநிரல் திறந்தது. விளம்பரம் இல்லை, 'முழுப் பதிப்புக்குப் பணம் கட்டு' என்ற பேச்சும் இல்லை. பின்னால் மெட்டாபிரெயின்ஸ் என்ற இலாப நோக்கமில்லாத நிறுவனம் இருக்கிறது. அவர்களுடைய மியூசிக்பிரெயின்ஸ் என்பது உலகம் முழுக்க இருக்கிற பாட்டு விருப்பக்காரர்கள் தாங்களே கையால் சேர்த்து, திருத்தி வளர்க்கிற பட்டியல். எந்த இசைத்தட்டில் எந்தப் பாட்டு, எத்தனையாவது, யார் பாடியது, எந்த வருசம் என்று எல்லாம் அதில் இருக்கும். பிக்கார்ட் உங்கள் கோப்பை அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டு, கோப்புக்குள் சரியான விவரத்தை எழுதி, நீங்கள் சொல்கிறபடி ஃபோல்டர் போட்டு நகர்த்தும்.

ஒப்பிட இரண்டு வழி இருக்கிறது. கோப்புக்குள் ஏற்கெனவே ஓரளவு விவரம் இருந்தால் 'கிளஸ்டர்' என்று ஒன்றாகக் கட்டி, 'லுக்கப்' அமத்த வேண்டும். விவரமே இல்லாத 'ட்ராக் 07' போன்றவற்றுக்கு 'ஸ்கேன்'. இந்த ஸ்கேன்தான் எனக்கு ஆச்சரியம். பாட்டின் முதல் 2 நிமிட அளவைக் கேட்டு, 12 சுரத்தானங்களில் எது எப்போது எவ்வளவு பலமாக ஒலிக்கிறது என்று கணக்கெடுத்து, அதிலிருந்து ஒரு கைரேகை செய்கிறது. அந்தக் கைரேகையை அக்கூஸ்டிக்ஐடி என்ற தளத்தில் தேடுகிறது. பெயரே இல்லாத பாட்டை இசையை வைத்து அடையாளம் பிடிக்கிறது. முதல் நாள் பெயரில்லாத 50 பாட்டைப் போட்டேன், 38 பாட்டுக்குப் பெயர் வந்தது. பொருத்தம் நன்றாக இருந்தால் பாட்டின் பக்கத்தில் பச்சை, சந்தேகமென்றால் மஞ்சள், அதற்கும் கீழே போனால் சிவப்பு. ஒரு இசைத்தட்டின் எல்லாப் பாட்டும் சேர்ந்துவிட்டால் அந்தத் தட்டின் படம் பொன்னிறமாகும். பொன்னிறத் தட்டு ஒன்றைக் கண்டால் அடுத்ததையும் முடித்துவிட்டுத் தூங்கலாம் என்று இருக்கும்.

கசற்றிலிருந்து எடுத்த பாட்டுகள் மட்டும் ஒன்றுமே பிடிபடவில்லை. நாலு நாள் யோசித்தேன். காரணம் அப்பாவின் பழைய டெக். அதன் பட்டி தளர்ந்து, வேகம் குறைந்து, பாட்டு அரைச் சுருதிக்குக் கிட்டக் கீழே இறங்கி ஓடியிருக்கிறது. காதுக்கு அது பெரிதாகத் தெரியாது. சுரத்தை வைத்துக் கைரேகை எடுக்கிற கணக்குக்கு அது வேறு பாட்டு. ஆடாசிட்டி என்ற ஒலி திருத்தும் மென்பொருளில் வேகத்தை ஐந்து சதவீதம் அளவில் கூட்டித் திரும்ப ஸ்கேன் பண்ணினேன், பச்சை வந்தது. கசற் மாற்றுகிறவர்கள் இதைக் கவனத்தில் எடுங்கள். பாட்டைச் சரியான வேகத்தில் கேட்பதே பெரிய சந்தோசம். பெயரும் கிடைப்பது அதற்கு மேல்.

பழைய சினிமாப் பாட்டில் இன்னொரு சிக்கல் வரும். ஒரு எம்.எஸ். விஸ்வநாதன் பாட்டு அந்தப் படத்தின் இசைத்தட்டில் இருக்கும், பிறகு 'பொன்னான பாடல்கள்' மாதிரித் தொகுப்பு பத்துப் பதினைந்திலும் இருக்கும். ஸ்கேன் எந்தத் தொகுப்பைப் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. ஒரே படத்தின் ஆறு பாட்டும் ஆறு தொகுப்புக்குப் போகலாம். இதற்கு அமைப்புப் பகுதியில் வழி இருக்கிறது. விரும்பும் வெளியீட்டு வகை என்ற இடத்தில் தொகுப்புகளைக் கீழே இழுத்து, திரைப்படத் தட்டுகளை மேலே ஏற்றி வைத்தேன். அதற்குப் பிறகு பெரும்பாலும் படத்தையே பிடித்தது. மிச்சத்தைக் கையால் இழுத்துச் சரியான தட்டில் போட வேண்டும். தட்டுக்குரியவர் என்ற விவரத்தில் பெரும்பாலும் இசையமைப்பாளர் பெயர் வரும், பாட்டுக்குரியவர் என்பதில் பாடியவர் பெயர் வரும். இந்த இரண்டையும் தனித்தனியாக வைத்திருப்பதால்தான் படம் உடையாமல் ஒரே ஃபோல்டரில் நிற்கிறது. நான் காசு கொடுத்து வாங்கியதில் இல்லாதது இதுதான்.

பெயர்க் குழப்பமும் தீர்ந்தது. மியூசிக்பிரெயின்ஸ் பட்டியலில் ஒரு பாடகருக்கு ஒரே பதிவுதான், வேறு பெயர்களும் வேறு எழுத்துக் கூட்டல்களும் அதற்குக் கீழே மாற்றுப் பெயராக நிற்கும். ஹனீபா ஆறு ஆளாக இருந்தவர் ஒரு ஆளானார்.

ஃபோல்டர் அமைப்புக்கு வருகிறேன், இதற்குத்தான் நான் அதிக நேரம் செலவழித்தேன். பிக்கார்டில் பெயரிடும் நிரல் என்று ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. தட்டுக்குரியவர், தட்டின் பெயர், பாட்டு எண், பாட்டின் பெயர் என்று எதை எந்த வரிசையில் வைக்க வேண்டும் என்று அதில் எழுதலாம். எழுதும்போதே பக்கத்தில் 'முந்தி இப்படி, இனி இப்படி' என்று உதாரணம் காட்டும். அதனால் நிரல் எழுதத் தெரியாத நானும் பயமில்லாமல் மாற்றி மாற்றிப் பார்த்தேன். அதனுடைய சொந்த அமைப்பு தட்டுக்குரியவர், அதற்குள் தட்டு, அதற்குள் பாட்டு என்று போகும். வீட்டில் கேட்கிறவருக்கு அது போதும்.

எனக்குப் போதாது. என்னிடம் வருகிறவர் 'கல்யாணத்துக்கு', 'அம்மனுக்கு', 'பிள்ளையள் ஓட்டத்துக்கு' என்றுதான் கேட்பார். ஆகவே முதல் அடுக்கில் சந்தர்ப்பம் வர வேண்டும். 'குரூப்பிங்' என்று ஒரு விவரக் கட்டம் இருக்கிறது, என் கோப்புகளில் அது வெறுமையாகக் கிடந்தது. 200, 300 பாட்டை ஒன்றாகத் தெரிவு செய்து, கீழே அந்தக் கட்டத்தில் 'கோயில் அம்மன்', 'கோயில் முருகன்', 'கல்யாணம்', 'இஸ்லாமியப் பாடல்', 'பொப்', 'விளையாட்டுப் போட்டி', 'மரண வீடு' என்று ஒரே தடவையில் எழுதலாம். பெயரிடும் நிரலில் அந்தக் கட்டத்தை முன்னுக்குப் போட்டேன். இப்போது முதலில் சந்தர்ப்பம், உள்ளே படம் அல்லது தொகுப்பு, அதற்குள் பாட்டு. நான் எழுதியதைப் பட்டியலிலிருந்து வருகிற விவரம் அழிக்காமல் இருக்க, 'இந்த விவரத்தைத் தொடாதே' என்று சொல்லி வைக்கவும் அமைப்பில் இடம் இருக்கிறது. அதில் குரூப்பிங்கைச் சேர்த்துவிட்டேன். கறிக்கு உப்பு மாதிரி, இந்த ஒரு அமைப்பு இல்லாவிட்டால் எனக்கு இந்த மென்பொருளால் பயன் பாதிதான்.

முதல் இரவில் நான் விட்ட பிழையையும் சொல்ல வேண்டும், மற்றவர்கள் விடக்கூடாது என்பதற்காக. சேமிக்கும்போது மூன்று விசயம் நடக்கலாம்: விவரம் எழுதுவது, பெயர் மாற்றுவது, இடம் மாற்றுவது. மூன்றையும் தனித்தனியாக டிக் பண்ணலாம். நான் மூன்றையும் போட்டு, எந்த இடத்துக்கு நகர்த்துவது என்பதைப் பார்க்காமல் 640 பாட்டைச் சேமித்துவிட்டேன். எல்லாம் மடிக்கணினியின் சொந்த மியூசிக் ஃபோல்டருக்குள் போய்விட்டது. அடுத்த நாள் களுவாஞ்சிக்குடியில் கல்யாண வீடு. அதற்காக அடுக்கி வைத்திருந்த பிளேலிஸ்ட் பழைய இடத்தில் பாட்டைத் தேடிக்கொண்டு வெறுமையாக நின்றது. விடியும் வரை இருந்து திரும்ப அடுக்கினேன். சேமித்த பிறகு பழையபடி ஆக்குகிற பொத்தான் பிக்கார்டில் கிடையாது. சேமிக்கும் வரைக்கும் எந்தக் கோப்பையும் அது தொடாது, அந்த மட்டில் பயமில்லை. ஆகவே முழு டிஸ்கையும் முதலில் வேறு டிஸ்கில் பிரதி எடுங்கள். முதல் கிழமை விவரம் எழுதுவதை மட்டும் டிக் பண்ணுங்கள். பெயரும் இடமும் பிறகு மாற்றலாம்.

வேகத்தை எதிர்பார்க்காதீர்கள். மியூசிக்பிரெயின்ஸ் தளத்தை ஒருவர் செக்கனுக்கு ஒரு தடவைதான் கேட்கலாம் என்பது அவர்கள் விதி. இலவசமாக எல்லோருக்கும் கொடுக்கிறவர்கள், அது நியாயம். 11,400 பாட்டையும் ஒரே தடவையில் போட்டால் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். நான் ஒரு இரவுக்கு 500, 600 என்று இரவு டேட்டாவில் போட்டேன். 21 இரவு பிடித்தது. இணைப்பு இல்லாவிட்டால் ஸ்கேனும் இல்லை, லுக்கப்பும் இல்லை.

தமிழ் எழுத்து பற்றி இரண்டு விசயம். அமைப்பில் ஆங்கில எழுத்தல்லாதவற்றை மாற்றுவதற்கு ஒரு டிக் இருக்கிறது. அதைப் போட்டால் தமிழ்ப் பெயரெல்லாம் வெறும் கீழ்க்கோடாகிவிடும், தொடாதீர்கள். மற்றது, எம்பி3 கோப்புக்குள் விவரம் எழுதும் முறைக்கு ஐடி3 என்று பெயர், எங்கள் பழைய பிளேயர் அதன் 2.3 பதிப்பைத்தான் வாசிக்கும். அதைத் தெரிவு செய்து கொடுத்த பிறகுதான் திரையில் தமிழ் ஒழுங்காக வந்தது. இன்னும் பழைய முதலாம் பதிப்பில் பாட்டுப் பெயருக்கு 30 பைட் மட்டும்தான் இடம். இப்போதைய முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட் வேண்டும். புள்ளியும் கொம்பும் தனித் தனிக் குறி, ஆக மொத்தம் 10 குறிதான் கொள்ளும். நம் பாட்டுப் பெயரெல்லாம் முன்பு நடுவில் அறுந்து நின்றதற்கு அதுவும் ஒரு காரணம். பாமினி என்ற, யூனிகோட் அல்லாத பழைய எழுத்துருவில் தட்டி வைத்த பழைய பெயர்களைப் பிக்கார்ட் தமிழாக மாற்றித் தராது. எனக்கு 400 அளவில் இருந்தது. யூனிகோட் மாற்றியில் போட்டு எடுத்து, எம்பி3டேக் என்ற மற்ற மென்பொருளில் ஒட்டினேன். கையால் நிறையத் திருத்த வேண்டுமென்றால் எம்பி3டேக்தான் கைக்கு வசதி. இசையைக் கேட்டு அடையாளம் பிடிக்கிற வேலையைப் பிக்கார்டிடம் கொடுங்கள்.

ஒரே பாட்டு பல பிரதி இருந்தால் பிக்கார்ட் அழிக்காது. ஒரே ஃபோல்டரில் ஒரே பெயரில் பக்கத்தில் பக்கத்தில் (1), (2) என்று நிறுத்திவிடும். எனக்கு அது பிடித்தது. எது தெளிவான பிரதி என்று கேட்டுப் பார்த்து நானே அழித்தேன். 2,500 கோப்பு குறைந்து 8,900 ஆனது.

அதில் 6,700 பாட்டுக்குப் பிக்கார்ட் பெயர் கண்டுபிடித்தது. மிச்சம் 2,200. அவை உலகப் பட்டியலில் இல்லாதவை. ஊர்க் கோயில்களுக்கு இங்குள்ளவர்கள் பாடி வெளியிட்ட பாட்டு, பள்ளிக்கூடக் கீதம், வடமோடிக் கூத்து இரவு முழுக்கப் பதிந்தது, கண்ணகை அம்மன் குளிர்த்தி (அம்மனைக் குளிர்விக்கப் பாடும் பாட்டு), வசந்தன் கூத்துப் பாட்டு. இவற்றைப் பற்றித்தான் நான் உண்மையில் எழுத வந்தேன்.

அப்பா கோயில்களுக்குக் குழாய் கட்டப் போகும்போது ஒரு டெக்கும் கொண்டு போவார். கட்டாடியார் (அம்மன் கோயில் பூசகர்) குளிர்த்தி பாடினால் பதிவார். வீட்டில் ஒரு அலுமாரி நிறையக் கசற் இருந்தது. 2004 மார்கழி 26 அன்று கடல் வந்து அலுமாரியையும் வீட்டையும் கொண்டு போய்விட்டது. டவுனில் பெரியம்மா வீட்டில் கேட்பதற்கென்று கொடுத்து வைத்திருந்த இரண்டு பெட்டி மட்டும் தப்பியது. 104 கசற். அப்பா அதற்குப் பிறகு ஏழு வருசம் இருந்தார். அந்தக் கசற்றுகளை ஒருநாளும் போட்டுக் கேட்கவில்லை.

இந்தக் கசற்றுகளுக்கு ஸ்கேன் ஒன்றும் செய்ய முடியாது, உலகத்தில் வேறு எங்கும் பிரதி இல்லை. ஆனால் அப்பாவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. பதியத் தொடங்கும்போது மைக்கில் ஊர்ப் பெயரும் கோயிலும் திகதியும் சொல்லி, யார் பாடுகிறார் என்றும் சொல்வார். அதைக் கேட்டுக் கேட்டு எழுதினேன். ஊரும் கோயிலும் தட்டின் பெயர், கட்டாடியார் பாடகர், திகதி அதற்குரிய கட்டத்தில். கோப்பின் பெயரை 'ஊர் - வருசம் - பாடியவர் - பாட்டு' என்று ஒரே ஒழுங்கில் வைத்தால், பிக்கார்டின் 'கோப்புப் பெயரிலிருந்து விவரம்' என்ற ஜன்னல் அதைப் பிரித்து ஒவ்வொரு கட்டத்திலும் போட்டுத் தரும். 2,200 கோப்பை ஒவ்வொன்றாகத் தட்டியிருந்தால் நான் பாதியில் விட்டிருப்பேன். இப்போது குளிர்த்தி என்ற ஃபோல்டருக்குள் ஊர் வாரியாக, வருச வாரியாக நிற்கிறது. செட்டிபாளையத்தின் மெட்டையும் காரைதீவின் மெட்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்கலாம்.

மியூசிக்பிரெயின்ஸில் யாரும் கணக்குத் திறந்து புதிய பதிவு சேர்க்கலாம். மருமகள் இவற்றையும் சேர்ப்போம் என்கிறாள். விவரம்தான் அங்கே போகும், ஒலி போகாது. என்றாலும் அந்தந்தக் கோயில் வண்ணக்கர்களிடமும் பாடியவர் வீட்டாரிடமும் கேட்காமல் நான் செய்ய மாட்டேன். மூன்று ஊரில் சம்மதம் கிடைத்திருக்கிறது.

200, 300 பாட்டு வைத்திருக்கிறவருக்கு இது தேவையில்லை, ஒரு பின்னேரத்தில் கையால் அடுக்கலாம். ஆயிரத்துக்கு மேல் போனவர், முக்கியமாக என்னைப் போல் மற்றவர் கேட்டவுடன் போட வேண்டியவர், ஒரு மாதம் ஒதுக்கி இதைச் செய்யுங்கள். ஆங்கில மெனு முதல் இரண்டு நாள் தடுமாற்றம் தரும், பிறகு பழகிவிடும். இந்த வைகாசியில் நாலு கோயிலுக்குக் கட்டினேன், எங்கும் ஒரு பாட்டுக்கும் கால் நிமிடத்துக்கு மேல் தேடவில்லை. மெட்டாபிரெயின்ஸ் நன்கொடை வாங்குகிறது, அட்டை உள்ள மருமகள் மூலம் ஒரு கல்யாண வீட்டுக் கூலியில் கால்வாசியை அனுப்பிவிட்டேன்.

இரண்டு பெட்டியில் இன்னும் 41 கசற் மாற்ற இருக்கிறது. போன கிழமை எடுத்த ஒன்றில் அப்பாவின் குரல் ஊர்ப் பெயரைச் சொல்லி முடிக்கும்போது நாடா நசிந்துவிடுகிறது, திகதி கேட்கவில்லை. பாடுகிறவர் யாரென்று மகிழூரில் ஒரு பெரியவருக்குத் தெரியும் போல இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பென் டிரைவில் கொண்டு போகிறேன். அதுவரைக்கும் அது 'வருசம் தெரியாதவை' என்ற ஃபோல்டரில் இருக்கிறது.